நூலுக்குள் அடங்காத தூரம்

பள்ளிக்கூடத்துப் பூகோள உருண்டை ஒன்றை மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழ நூலும் வேண்டும். நூலின் ஒரு முனையை ஜாவாத் தீவின் வடகிழக்குக் கரையிலுள்ள சுரபாயா நகரின்மேல் அழுத்திப் பிடியுங்கள். மறுமுனையைச் செங்கடற் கரையிலுள்ள ஜித்தா நகரத்துக்கு இழுத்துத் தளர்வில்லாமல் பிடியுங்கள். இனி, நூல் செல்லும் வழியை நோக்குங்கள்.

தென் சுமாத்திராவை அது கடக்கிறது. இந்து சமுத்திரத்தின் வெறும் நீர்ப்பரப்பை நெடுந்தூரம் கடக்கிறது. பின்னர் நமது தீவின் தென்கிழக்குக் கரையில் ஏறி, மத்திய மலைநாட்டைக் குறுக்கே வெட்டிக் கட்டுநாயக்கா அருகே மீண்டும் கடலில் இறங்குகிறது. அப்பால் கன்னியாகுமரிக் கரையைத் தொட்டு, அரபிக்கடலைத் தாண்டி, அராபியப் பாலைநிலம் சேர்கிறது. உருண்டையிலே நமது தீவு கட்டைவிரல் நகத்தின் அளவே இருக்கும். ஆதலின் மலைகளை அதில் காண முடியாது. ஆயினும் அட்சரேகை, தீர்க்கரேகை கொண்டு கணக்கிட்டுப் பார்த்தால் அந்த நூல் அட்டன், கொட்டகலை, நோர்ட்டன் பிரிட்ஜ் ஆகிய ஊர்களின் வானத்தின் வழியாகவே போகிறது என்பது புலனாகும்.

சுரபாயாவிலிருந்து கட்டுநாயக்கா ஏறத்தாழ 3,990 கிலோமீற்றர். கட்டுநாயக்காவிலிருந்து ஜித்தா ஏறத்தாழ 4,650 கிலோமீற்றர். இரண்டையும் கூட்டினால் 8,640. சுரபாயாவிலிருந்து எங்கும் இறங்காமல் நேரே ஜித்தா போனாலும் அதே 8,640 தான்! வழியில் ஓர் ஊரில் இறங்கிச் செல்வோர்க்குச் சுற்றுவழி நேர்வது வழக்கம். இங்கே சுற்று என்பது சிறிதும் இல்லை. இயற்கையே இரு நகரங்களுக்கும் நடுவில் நமது தீவை ஒரு தங்குமடமாக வைத்ததுபோல் தோன்றுகிறது.

பூகோளக் கணக்கு இவ்வளவு அழகாக அமைந்த இந்த வழியிலேதான், 1974 ஆம் ஆண்டு டிசெம்பர் 4 ஆம் நாள் இரவு, 191 பேர் மாண்டனர். அவர்கள் மாண்ட இடம் கடலன்று. விமான நிலையமும் அன்று. நமது தேயிலை மலை. அந்தக் கதையைச் சொல்லுமுன், இரு விமான நிலையங்களுக்கு இடையேயுள்ள தூரத்தையும் நேரத்தையும் எவ்வாறு கணிக்கிறார்கள் என்பதை நாம் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

பாகையும் பயணமும்

உருண்டையின் மேல் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழி, இழுத்துப் பிடித்த நூல் காட்டும் வழியே. கணித நூலார் அதனைப் பெருவட்டம் என்பர். அந்த நூல் பூமியின் மையத்தில் எத்தனை பாகைக் கோணத்தை அமைக்கிறதோ, அத்தனை பாகையை 111 கிலோமீற்றரால் பெருக்கினால் தூரம் கிடைத்துவிடும். பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீற்றர். அதை 360 ஆல் வகுத்தால் வருவது அந்த 111. ஆகவே உலகில் எந்த இரு விமான நிலையங்களும் ஒன்றுக்கொன்று 20,000 கிலோமீற்றருக்கு மேல் எட்டியிருக்க முடியாது. அதற்குமேல் போனால் மறுபக்கத்தால் நெருங்கத் தொடங்கிவிடுவோம்.

தூரம் தெரிந்தால் நேரத்தைக் காண்பது எளிது. இன்றைய பயணிகள் விமானம் மணிக்கு 850 முதல் 900 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும். தூரத்தை வேகத்தால் வகுத்து, ஏறுவதற்கும் இறங்குவதற்குமாக அரைமணி நேரம் கூட்டிக்கொண்டால் பெரும்பாலும் பிழை வராது. கட்டுநாயக்காவிலிருந்து துபாய் 3,290 கிலோமீற்றர். நாலரை மணி நேரம். இலண்டன் 8,710 கிலோமீற்றர். பதினொரு மணி நேரம். திரும்பி வருகையில் நேரம் சிறிது குறையும். ஏனெனில், நாற்பதினாயிரம் அடி உயரத்தையொட்டி மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஒரு காற்றாறு ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் போக்கோடு வருபவன் ஆற்றோடு தோணி விடுபவன். எதிர்த்துப் போகிறவன் நீரை எதிர்த்துத் துடுப்புப் போடுகிறவன்.

இந்தக் கணக்கைத் தன் உயிரைப் பணயம் வைத்துச் செய்து பார்த்தவர்கள் நமது தீவுக்கே வந்திருக்கிறார்கள். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே இருந்த ஆகாயப் பாதை அத்துடன் அறுந்தது. அறுந்த நூலை முடிய 1943 இல் ஒரு வழி கண்டனர். அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பேர்த் நகரத்து ஆற்றிலிருந்து, காலி மாவட்டத்துக் கொக்கலை வாவிக்கு, இடையில் எங்கும் இறங்காமல் பறப்பது! பெயரளவில் நமது கொட்டகலைக்குத் தம்பிபோல ஒலிக்கும் அந்த ஊர் வாவியிலே, கற்றலீனா எனப்படும் நீர்விமானங்கள் வந்திறங்கின. கோணம் 51 பாகைக்குச் சற்றுக் குறைவு. தூரம் 5,650 கிலோமீற்றர். இன்றைய விமானத்துக்கு அது ஏழு மணி நேரப் பயணம். கற்றலீனாவின் வேகமோ மணிக்கு 200 கிலோமீற்றர். ஆகவே இருபத்தேழு மணி முதல் முப்பத்துமூன்று மணி நேரம்வரை ஆகாயத்திலேயே இருக்க வேண்டியிருந்தது. ஒரே பயணத்தில் இருமுறை சூரியோதயம் காணலாம். இதனால் அந்தச் சேவைக்கு ‘இரட்டை உதயம்’ என்ற பெயர் ஏற்பட்டது. எரிபொருளின் பாரம் மிகுதியாதலால் மூன்று பயணிகளுக்கும் 69 கிலோ தபாலுக்கும் மட்டுமே இடமிருந்தது. 1945 வரையில் 271 தடவை அந்தக் கடலைத் தாண்டினர். ஓர் உயிரும் போகவில்லை.

எதைக் கொண்டு வழி கண்டனர் என்பது நினைவில் நிறுத்தத்தக்கது. பகைவர் கேட்டுவிடுவர் என்பதால் வானொலியைத் தொட அனுமதியில்லை. இருளிலே விண்மீன்களை அளந்து, ‘இப்பொழுது நாம் எங்கே இருக்கிறோம்’ என்று ஓயாமல் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டு சென்றனர். அந்த ஐந்து விமானங்களுக்கும் விண்மீன்களின் பெயர்களையே இட்டிருந்தனர். அவற்றுள் அல்ற்றேர் என்பது நாம் திருவோணம் என்பது; வேகா, அபிஜித்து; அன்ராறிஸ், கேட்டை; ஸ்பைக்கா, சித்திரை. ஐந்தாவதான ரைகல், மிருகசீரிடத்துக்கு அருகே சுடர்விடும் வெண்ணீல மீன். பஞ்சாங்கத்தில் நம் முன்னோர் குறித்துவைத்த மீன்களே, போர்க்கால மாலுமிகளுக்குக் கைகாட்டியாய் நின்றன.

ஏழு கன்னியர் மலை

இனி 1974 இற்கு வருவோம். விண்மீன் பார்த்துப் போகும் காலம் முடிந்துவிட்டது. சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர் 182 பேரை ஏற்றிக்கொண்டு, டச்சுக் கம்பனியான மார்ட்டின் எயாருக்குச் சொந்தமான டி.சி. 8 ரக ஜெட் விமானம் ஒன்று ஜித்தாவுக்குப் புறப்பட்டது. விமான ஊழியர் ஒன்பது பேர். இடையில் கட்டுநாயக்காவில் இறங்கிச் செல்வதாக ஏற்பாடு. கடலின் மேல் ஏறத்தாழ 3,900 கிலோமீற்றர் பறந்து முடிந்தது. இன்னும் எஞ்சியிருந்தது நாற்பது கடல்மைல். அதாவது 74 கிலோமீற்றர். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும் தூரம்.

அந்த நாற்பது கடல்மைல் எஞ்சியிருக்கிறது என்பதைத்தான் விமானிகள் அறியாதிருந்தனர்.

இரவு பத்து மணியளவில், நிலையம் அண்மித்துவிட்டது என்ற எண்ணத்தில் விமானம் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கட்டுநாயக்காவின் அருகே அந்த உயரத்தில் இறங்கினால் அடியில் தென்னந்தோட்டங்களும் கடலும்தான் இருக்கும். ஆனால் அப்பொழுது அடியில் இருந்தது நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்து மலைத்தொடர். ஏழு சிகரங்கள் வரிசையாய் நிற்பதால் ஏழு கன்னியர் மலை, சப்தகன்னி என்று பெயர் பெற்ற அந்தத் தொடரிலே, கடல்மட்டத்துக்கு 4,300 அடிக்கு மேலான உயரத்தில், விமானம் மோதிச் சிதறியது. எவரும் பிழைக்கவில்லை. இலங்கை மண்ணில் நிகழ்ந்த விமான விபத்துகளுள் இதுவே மிகப் பெரியது.

விபத்துக்குக் காரணம் யாது? விமான நிலையத்தை நோக்கத் தாம் எவ்விடத்தில் இருக்கிறோம் என்பதை விமானிகள் தவறாக உணர்ந்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கினர் என்பதே விசாரணையின் முடிவு. விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை ரேடாரையும் நம்பியதனால் அத்தவறு நேர்ந்திருக்கலாம் என்றும் அவை தவறான பொருள் கொள்வதற்கு இடந்தந்தன என்றும் விசாரணை கருதியது.

டொப்ளர் கருவி என்பது, நடந்த அடிகளை எண்ணித் தூரம் சொல்வதைப் போன்றது. நிலத்தை நோக்கி வானொலி அலையை அனுப்பி, அது திரும்பி வரும் வகையிலிருந்து வேகத்தை அறிகிறது. வேகத்தை நேரத்தோடு பெருக்கிப் பெருக்கிக் கூட்டி, ‘இத்தனை தூரம் வந்தாயிற்று, இன்னும் இத்தனை இருக்கிறது’ என்று காட்டுகிறது. அடியை எண்ணி நடப்பவன் நூறு அடிக்கு ஓர் அடி பிழைவிட்டால் பக்கத்துத் தோட்டம் போய்வருவதில் ஒன்றும் கெட்டுவிடாது. நாலாயிரம் கிலோமீற்றருக்கு நூற்றில் ஒன்று பிழையென்றால் நாற்பது கிலோமீற்றராகிவிடும். நூற்றில் இரண்டானால் எண்பது. கட்டுநாயக்காவிலிருந்து ஏழு கன்னியர் மலைக்கு 74 என்பதை மீண்டும் நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய தூரம், சிறிய பிழையையும் தன்னோடு பெரிதாக்கிவிடுகிறது. இதனாலேயே இடையிடையே நிலையான ஏதேனும் ஓர் அடையாளத்தோடு ஒப்பிட்டுக் கணக்கைச் சரிசெய்துகொள்ள வேண்டும். கற்றலீனா மாலுமிகளுக்குக் கேட்டையும் சித்திரையும் அந்த அடையாளமாயிருந்தன.

நோர்ட்டன் பிரிட்ஜில் அந்த விமானத்தின் டயர் ஒன்று இன்றும் நினைவுச் சின்னமாக இருக்கிறது. அவ்வழியே செல்லும் மாணவர் பலர் அதை வேடிக்கைப் பொருளாகப் பார்த்துச் செல்வர். அது வேடிக்கைப் பொருளன்று. சுரபாயாவுக்கும் ஜித்தாவுக்கும் இடையே 8,640 கிலோமீற்றர் என்று எழுதுகிறோமே, அந்த எண்ணுக்குள் எழுதப்படாமல் விடுபட்டுப்போன மலை ஒன்று உண்டு என்று சொல்லும் சாட்சி அது.

இதற்கு மூன்று நாள் முன்பு, 1974 டிசெம்பர் 1 ஆம் நாள், அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் ஒரு விமானம் இதே விதமாய் மலையில் மோதி 92 பேர் மாண்டிருந்தனர். விமானம் பழுதடையவில்லை, எரிபொருள் தீரவில்லை, விமானி சுயநினைவோடுதான் இருந்தார். நிலம் எங்கே இருக்கிறதென்பது மட்டும் தெரியவில்லை. அந்த மாத இறுதிக்குள்ளாகவே அமெரிக்க அரசு, நிலம் நெருங்குகையில் எச்சரிக்கும் கருவியைப் பெரிய பயணிகள் விமானங்கள் யாவற்றிலும் பொருத்தவேண்டும் என்று விதித்தது. பின்னர் வந்த திருத்திய கருவிகளுக்குள் உலகத்து மலைகளின் உயரங்கள் எல்லாம் பதியப்பட்டிருக்கின்றன. இன்று நம் தலைக்கு மேலே இரவில் சிவப்பு விளக்கை மினுக்கிக்கொண்டு போகும் விமானம், ஏழு கன்னியர் மலையின் உயரத்தைத் தெரிந்துகொண்டுதான் போகிறது. அந்த அறிவுக்கு விலை கொடுத்தவர்களுள் அந்த 191 பேரும் அடங்குவர்.

அதே ஆண்டில் கீழே நடந்தது

ஆகாயத்திலிருந்து சிறிது கீழே இறங்குவோம். அந்த விமானம் விழுந்த 1974 இல், மலையடிவாரத்துத் தோட்ட மக்களும் பயணத்தில்தான் இருந்தனர். 1964 ஒக்டோபர் 30 இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று வகுத்தது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரையும் இரு நாடுகளும் பாதிபாதியாக ஏற்பது என்று 1974 ஜனவரியில் சிறிமாவோ அம்மையாரும் இந்திரா காந்தி அம்மையாரும் இணங்கினர். கணக்கு மிகச் சீராக வகுபட்டது. வகுபட்டவர்களுள் அண்ணன் ஒரு பக்கமும் தம்பி மறுபக்கமும் ஆனார்கள்.

மலைநாட்டு நிலையங்களில் ஏறி, பொல்காவலையில் வழி மாறி, மதவாச்சி கடந்து, தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரம் சேரும் பயணம் அது. ஏற்றிச் சென்ற புகைவண்டிக்கு மலைநாட்டு மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயரிட்டனர். சன்னலுக்கு உள்ளிருந்தவரும் மேடையில் நின்றவரும் ஒருவர் கையை ஒருவர் விடாமல் பிடித்து அழுத அழுகையே அப்பெயரைத் தந்தது. நூல் பிடித்துப் பார்த்தால் கொட்டகலையிலிருந்து திருச்சிராப்பள்ளி 475 கிலோமீற்றர்தான். விமானத்துக்கு அது ஒரு மணி நேரத் தூரம். போனவர்களில் பெரும்பாலோர்க்கு அது திரும்பி வராத தூரம். அந்த நேரத்தை எந்தக் கால அட்டவணை காட்டும்?

அவர்களின் பாட்டனார் வந்த வழியோ இன்னும் நெடியது. கோப்பிக் காலத்தில் தோணியிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டு வழியே மாத்தளைவரை நடந்தனர். நீரின்றியும் நோயாலும் வழியிலே விழுந்தவர் பலர். மலைநாட்டு மக்களின் வரலாற்றுக்கு இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைவுகூர, 2023 ஆம் ஆண்டு யூலை 28 ஆம் நாள் தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் புறப்பட்டு, ஓகஸ்ட் 12 ஆம் நாள் மாத்தளையை அடைந்தது. 250 கிலோமீற்றர் அளவான வழி, பதினாறு நாட்கள். இக்காலத்தில் பதினாறு மணி நேரம் பறந்தால் உலகத்தின் மறுபாதியை எட்டிவிடலாம். ஆயினும் அவர்கள் நடந்தே சென்றனர். முன்னோர் வந்த தூரம் எத்தகையது என்பதை அறிய வேறு கருவி இல்லை, கால்தான் கருவி.

எண்பத்தைந்து கிலோமீற்றர்

இது பழங்கதையோடு முடியும் செய்தியன்று. இன்று கொட்டகலையில் ஒரு பாடசாலை வகுப்பறைக்குள் சென்று, ‘உங்களில் யாருடைய அம்மா வெளிநாட்டில் இருக்கிறார்?’ என்று கேட்டுப் பாருங்கள். எழும் கைகளை எண்ண வேண்டாம். எழுகின்றன என்பதே போதும். ரியாத், குவைத், துபாய் என்று பிள்ளைகள் ஊரின் பெயரைத் தடையின்றிச் சொல்வார்கள். பூகோளப் பாடத்தில் அவர்கள் தவறாமல் காட்டும் இடங்கள் அவை.

கட்டுநாயக்காவிலிருந்து ரியாத் 4,040 கிலோமீற்றர். ஐந்தரை மணி நேரத்தில் போய்விடலாம். கொட்டகலையிலிருந்து கட்டுநாயக்கா, நூல் பிடித்தால் 85 கிலோமீற்றர்கூட இல்லை. ஆனால் நமது ஊர் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ நாலாயிரம் அடி மேலே இருக்கிறது. நூல் நேராகப் போகும். வீதி மலையைச் சுற்றித்தான் போகும். கினிகத்தேனை வளைவுகளில் இறங்கி அவிசாவளை வழியே போனால் 150 கிலோமீற்றர் அளவாகும். ஐந்து மணி நேரமாவது வேண்டும். அதற்குமுன் மேட்டு லயத்திலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெருவீதிக்கு வர வேண்டும். நிலையத்திலே மூன்று மணி நேரம் முன்னதாகக் காத்திருக்க வேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரு கடலையும் ஒரு வளைகுடாவையும் தாண்டுவதற்குச் செல்லும் நேரத்தைவிட, தன் வீட்டு வாசலிலிருந்து விமானத்தின் வாசலுக்குப் போவதற்கே அதிக நேரம் செல்கிறது!

இவ்வளவும் போகும் நேரம்தான். வரும் நேரம் வேறு. வீட்டுப்பணிப்பெண்ணாகச் செல்பவரின் ஒப்பந்தம் வழக்கமாக இரண்டு ஆண்டு. ஆகவே, கொட்டகலைக்கும் ரியாத்துக்கும் இடையே போய்வர எத்தனை நேரம் என்று அந்த வகுப்பறைப் பிள்ளையைக் கேட்டால், பதினொரு மணி நேரம் என்று அவன் சொல்லமாட்டான். இரண்டு வருடம் என்றே சொல்வான். பாடநூல் அவன் விடையைப் பிழை என்னும். அவன் விடையில் பிழையில்லை. அவன் நிலையத்திலிருந்து நிலையத்துக்கு அளக்கவில்லை. வாசலிலிருந்து வாசலுக்கு அளக்கிறான்.

இங்கே விஞ்ஞானத்தைக் குறைகூறுவதாக எவரும் எண்ணவேண்டாம். நூல் பிடித்து அளக்கும் தூரம் மெய்யானது. அதை அளக்கத் தெரியாவிட்டால் கற்றலீனா கொக்கலை வாவியைக் கண்டிருக்காது. 2018 மார்ச் மாதத்தில் பேர்த்திலிருந்து இலண்டனுக்கு, 14,500 கிலோமீற்றரை எங்கும் நில்லாமல் பதினேழு மணி நேரத்தில் கடக்கும் விமானச் சேவை தொடங்கியது. இன்று சிங்கப்பூரிலிருந்து நியூயோர்க்குக்கு 15,300 கிலோமீற்றருக்கு மேல், பதினெட்டு மணி நேரத்தையும் தாண்டிப் பறக்கிறார்கள். சிட்னியிலிருந்து இலண்டனுக்கு, 17,000 கிலோமீற்றரை ஒரே வீச்சில் கடக்கும் திட்டத்துக்கு, அன்றைய இரட்டை உதயத்தை நினைவுகூர்ந்து ‘உதயத் திட்டம்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மனிதனுடைய முயற்சியில் மகிழாதவர் யார்?

ஆயின், எண் சொல்வது ஒரு பகுதி. எண்ணால் சொல்ல முடியாமல் விடப்படுவது மற்றொரு பகுதி. இரு புள்ளிகளுக்கு நடுவே உள்ள நிலம் விடப்பட்டபோது 191 பேரை இழந்தோம். இரு புள்ளிகளுக்கு அப்பால் உள்ள வீடு விடப்படும்போது எத்தனை பேரை, எத்தனை ஆண்டை இழக்கிறோம் என்று கணக்கெடுப்பார் இல்லை. விமானத்துக்கு நிலத்தை எச்சரிக்கும் கருவி வந்துவிட்டது. வீட்டை நினைவூட்டும் கருவியை எந்தப் பொறியியலாளரும் செய்து தரப்போவதில்லை. அது ஆசிரியரும் எழுத்தாளரும் செய்யவேண்டிய பணி. அந்த 85 கிலோமீற்றருக்கு இப்புறத்தில், இந்த மண்ணிலேயே கௌரவமாக உழைத்து வாழ வழி செய்வது நாட்டை ஆள்வோர் செய்யவேண்டிய பணி.

பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியிலே பயின்று, மலைநாட்டுப் பாடசாலைகளுக்கு ஆசிரியராகச் செல்லும் இளைஞர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தூரமும் நேரமும் என்ற கணக்கை வகுப்பில் நடத்தும்போது உருண்டையையும் நூலையும் எடுத்துச் செல்லுங்கள். பிள்ளைகள் தாமே நூலைப் பிடிக்கட்டும், பாகையை அளக்கட்டும், 111 ஆல் பெருக்கட்டும், விடையைத் தவறில்லாமல் எழுதட்டும். எழுதி முடித்தபின், அந்த விடைக்குக் கீழே இன்னும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ‘எங்கிருந்து, எதுவரை, எவர் போகிறார்?’ என்ற கேள்விக்கு அந்த வரி பதிலாக இருக்கட்டும்.

அந்த ஒரு வரியில், சுரபாயாவிலிருந்து புறப்பட்டு நமது மலையில் உறங்கும் யாத்திரிகரும் வருவர். தலைமன்னாரில் இறங்கி நடந்தவரும், தலைமன்னாரில் ஏறி மறைந்தவரும் வருவர். அந்தப் பிள்ளையின் தாயும் வருவாள்.